மஹ்லசேலா கணவாயின் ஒற்றைப் பனிச்சறுக்குத் தடம்: டர்பன் குடும்பங்களுக்காக ஒரு மதிப்பீடு

லெசோதோ நாட்டின் வட பகுதியில், மலோட்டி மலைத்தொடரின் மேல், மஹ்லசேலா கணவாயை ஒட்டி, கடல் மட்டத்திலிருந்து 3,050 மீட்டர் உயரத்தில் இயங்கும் ஆஃப்ரிஸ்கி பனிச்சறுக்கு விடுதியைப் பற்றி டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களிடையே இரண்டு விதமான பேச்சு உலவுகிறது. போய் வந்தவர்களில் ஒரு சாரார் அதை ஆல்ப்ஸ் மலைக்கு நிகராகப் புகழ்கிறார்கள். மறு சாரார், அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிப் போய் ஒரே ஒரு சரிவைப் பார்த்துவிட்டுத் திரும்பியதாகக் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். என் கணிப்பில், வாழ்க்கையில் முதன்முறையாகப் பனியின் மேல் நிற்கப் போகிறவருக்குத் தென்னாப்பிரிக்காவிலிருந்து சாலை வழியாகச் சென்றடையக்கூடிய இடங்களுள் இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. ஏற்கெனவே சறுக்கத் தெரிந்தவர் அரை நாளிலேயே சலித்துப்போவார். யார் போகலாம், எப்போது போகலாம், என்ன ஆயத்தத்தோடு போகலாம் என்பதெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டைப் பொறுத்தே அமைகின்றன.

முதலில் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பயணத்தின் செலவிலும் களைப்பிலும், ஏன், இன்பத்திலும்கூடப் பாதிக்கு மேல் சாலைக்கே உரியது. டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனென் கணவாய் ஏறி ஹாரிஸ்மித் சென்று, அங்கிருந்து கோல்டன் கேட் தேசியப் பூங்காவின் மஞ்சள் பாறைகளுக்கு ஊடாகக் கிளாரன்ஸ், ஃபூரிஸ்பர்க் ஊர்களைக் கடந்து, கலெடன்ஸ்போர்ட் எல்லைச் சாவடியில் லெசோதோவுக்குள் நுழைய வேண்டும். மொத்தத் தொலைவு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஜோகன்னஸ்பர்க், லெனேசியா பகுதிகளிலிருந்து வருபவர்களுக்குத் தொலைவு இதைவிடக் குறைவு என்பதோடு, அவர்கள் ஏற்கெனவே 1,700 மீட்டர் உயரத்தில் வாழ்பவர்கள் என்பதும் ஒரு சலுகைதான். கடற்கரையில் காலைத் தேநீர் குடித்துவிட்டு மாலையில் 3,000 மீட்டரைத் தாண்டி நிற்கும் டர்பன்காரரின் தலைவலியை அவர்கள் அறியமாட்டார்கள்.

எல்லையைக் கடப்பது பொதுவாக எளிது, ஆனால் காகிதங்கள் சரியாக இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா தேவையில்லை. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்காக வந்து இங்கே தங்கியிருப்பவர்கள் லெசோதோவுக்குள் நுழைவதற்கான விதியை மட்டுமன்றி, தங்கள் அனுமதிச்சீட்டு தென்னாப்பிரிக்காவுக்குள் மீண்டும் நுழைய இடம் தருகிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் பிறப்புச் சான்றிதழையும், பெற்றோரில் ஒருவர் மட்டுமே உடன் வருவதாயின் மற்றவரின் ஒப்புதல் கடிதத்தையும் கையில் வைத்திருப்பது நல்லது. வண்டி இன்னும் வங்கிக் கடனில் இருந்தால், எல்லை கடக்க வங்கியின் அனுமதிக் கடிதம் வேண்டும்; வாடகை வண்டிக்கும் அதே போன்ற கடிதம் வேண்டும். நாங்கள் வண்டி எடுத்த ஒரு வாடகை நிறுவனம் அந்தக் கடிதத்தைக் கடைசி நிமிடம் வரை தராமல் இழுத்தடித்ததால் விடியலில் கிளம்ப வேண்டிய பயணம் நண்பகலுக்குத் தள்ளிப்போயிற்று. மலைப்பாதையை இருட்டில் ஏற நேர்ந்தது. சாவடி இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் என்ற தைரியத்தில் யாரும் மாலையில் எல்லையைத் தொடும்படி திட்டமிட வேண்டாம். சாவடியைக் கடந்த பிறகுதான் உண்மையான ஏற்றம் தொடங்குகிறது.

புத்தா-புத்தே ஊரிலிருந்து மேலே செல்லும் ஏ1 சாலை முழுவதும் தார் போட்டது; நல்ல வானிலையில் சாதாரணக் காரிலேயே போகலாம். ஆனால் 2,820 மீட்டர் உயரத்தைத் தொடும் மொதெங் கணவாயின் கொண்டை ஊசி வளைவுகள் செங்குத்தானவை. மலையின் நிழல் விழும் வளைவுகளில், தாரின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் பனிக்கட்டி காலை பத்து மணிக்கும் உருகாமல் கிடக்கும். பிரேக்கை நம்பாமல் கியரைக் குறைத்து இறங்கப் பழகாதவர் இந்தச் சாலையில் வண்டி ஓட்டாமல் இருப்பதே மேல். பனி பெய்த மறுநாள் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் (4x4) நான்கு சக்கர விசை வண்டியோ சக்கரச் சங்கிலியோ இல்லாமல் இதில் ஏற நினைப்பது வீண் துணிச்சல். இன்னொன்று: டர்பனில் நிரப்பிய டீசல் இந்தக் குளிரில் மெழுகுபோல் உறைந்து காலையில் வண்டியைக் கிளம்பவிடாமல் செய்யக்கூடும். ஆகவே தொட்டியைக் கடற்கரையிலேயே முழுதாக நிரப்பிக்கொள்ளாமல், வழியில் வரும் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்து மேட்டுநிலத்தில் நிரப்பிக்கொள்வதும், ரேடியேட்டர் நீரில் உறைதடுப்பான் போதிய அளவு கலந்திருக்கிறதா என்று கிளம்புமுன் பார்ப்பதும் அவசியம்.

சானி கணவாய் வழியாகவும் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அண்டர்பர்க் பக்கத்திலிருந்து 2,876 மீட்டர் உயரம் வரை ஏறும் அந்தப் பாதையில் நான்கு சக்கர விசை வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. அதன் உச்சியிலிருந்து மொக்கோட்லோங் சென்று, கிழக்கிலிருந்து மஹ்லசேலாவை அடையலாம், காட்சி ஒப்பற்றது. ஆனால் சிறு பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் குளிர்காலத்தில் செல்வதற்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஏ1 சாலையில் ஆக்ஸ்போ என்ற இடத்தைத் தாண்டியதும் நிலக்காட்சி மாறிவிடுகிறது. மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. காய்ந்து பழுப்பேறிய புல், கறுத்த பாறை, ஓரங்களில் கண்ணாடிபோல் உறைந்த ஓடைகள், தடித்த கம்பளிப் போர்வையை உடல் முழுதும் போர்த்திக்கொண்டு ஆடு மேய்க்கும், லெசோதோ மண்ணின் மக்களான பசூத்தோ இனச் சிறுவர்கள், சிறிய உறுதியான குதிரைகள். நாட்டின் மிகத் தாழ்ந்த இடமே 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் தேசம் இது. இதே சாலையில்தான் லெட்செங் வைரச் சுரங்கத்துக்குச் செல்லும் கனரக வண்டிகளும் ஓடுகின்றன; 2018ஆம் ஆண்டில் 910 காரட் எடையுள்ள வைரம் கிடைத்த சுரங்கம் அது. அவற்றுக்கு வழிவிட்டுப் பின்தங்குவதில் மானக்கேடு எதுவும் இல்லை.

பின்னர் ஒரு திருப்பத்தில், பழுப்பு மலைகளுக்கு நடுவே, வெள்ளை வேட்டியை மலைச்சரிவில் நீளமாகக் காயப்போட்டதுபோல் அந்தச் சறுக்குத்தடம் தென்படும். முதன்முறை வருபவர்கள் பலர் இந்த இடத்தில் ஏமாந்துபோகிறார்கள். சுற்றிலும் எல்லா மலைகளும் வெண்மையாக இருக்கும் என்ற எதிர்பார்ப்போடு வந்து, தடம் மட்டுமே வெள்ளையாக இருப்பதைப் பார்த்ததும் 'இது போலிப் பனி' என்று முகம் சுளிக்கிறார்கள். எங்கள் வண்டியிலும் மைத்துனர் இதையே சொன்னார். அவர் சொன்னதில் அரைப் பங்கு உண்மை உண்டு என்பதால், இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

லெசோதோ மலைகளில் மழைக்காலம் கோடை, குளிர்காலம் வறண்டது. தெற்கேயிருந்து வரும் குளிர் முகப்புகள் எனப்படும் குளிர்காற்றுத் திரள்கள் ஈரத்தைக் கொண்டுவந்தால்தான் இயற்கைப் பனி பெய்யும். அது எப்போது வரும், எங்கே கொட்டும் என்பதற்கு உத்தரவாதமில்லை: 2024 செப்டம்பரில், சறுக்குப் பருவம் முடியும் வேளையில், வான் ரீனென் கணவாயில் கொட்டிய பனியால் என்3 நெடுஞ்சாலையே மூடப்பட்டு, வண்டிகள் இரவு முழுவதும் சிக்கிக்கிடந்ததை நம்மில் பலர் இன்னும் மறக்கவில்லை. இப்படிப்பட்ட வானத்தை நம்பி ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஒரு விடுதியை நடத்த முடியாது. எனவே இரவு நேரத்தில் பனிப் பீரங்கிகள் எனப்படும் இயந்திரங்கள், அழுத்தப்பட்ட காற்றோடு நீரை நுண்துளிகளாக வானில் பீய்ச்சுகின்றன. அத்துளிகள் தரையைத் தொடுமுன் உறைந்து பனியாக விழுகின்றன. இதற்குக் குளிர் மட்டும் போதாது, காற்று வறண்டும் இருக்க வேண்டும். வறண்ட காற்றில் துளியின் ஒரு பகுதி ஆவியாகி மீதியை மேலும் குளிர்விக்கிறது. மழையைத் தராத அதே வறண்ட குளிர்காலம்தான், பூஜ்யத்துக்கு வெகு கீழே இறங்கும் அதன் இரவுகளோடு சேர்ந்து, இந்த இயந்திரங்களுக்கு உகந்த சூழலைத் தருகிறது. ஆகவே அது போலிப் பனி அன்று. நீரிலிருந்து உறைந்த பனிதான். ஆனால் வானத்திலிருந்து விழும் பஞ்சுப் பனியைவிட மணிமணியாகவும் அடர்த்தியாகவும் இருக்கும், விழுந்தால் வலிக்கும்.

இந்தப் பனியின் தன்மையை அறிந்துகொண்டால் நாளைத் திட்டமிடுவது எளிதாகிவிடும். இரவுக் குளிரில் இறுகிய தடம் காலை முதல் மணி நேரத்தில் கல்போல் கெட்டியாக இருக்கும்; பழகாத காலுக்கு அது ஆகாது. பத்து மணிக்குப் பிறகு வெயில் ஏற ஏற மேற்பரப்பு தளர்ந்து காலில் பூட்டிய சறுக்குப் பலகைக்குப் பிடி கொடுக்கிறது. பிற்பகலில், வெயில் கடுமையான நாள்களில், அது கஞ்சிபோல் குழைந்து கால்களைக் களைப்படையச் செய்யும். கற்றுக்கொள்பவர்களுக்குச் சிறந்த நேரம் காலை பத்திலிருந்து பகல் ஒரு மணி வரை. தேர்ந்தவர்கள் மட்டும் திறந்தவுடன் போகட்டும்.

சரிவுகளைப் பொறுத்தவரை, முதன்மைத் தடம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம் கொண்டது. தெரிந்தவர் அதை ஓரிரு நிமிடங்களில் இறங்கிவிடுவார். பின்னர் மேலே போவதற்கான வரிசையில் அதைவிட அதிக நேரம் நிற்பார். தொடக்கநிலையினருக்குத் தனியாகச் சாய்வு குறைந்த இடமும், ஒற்றை அகலப் பலகையில் சறுக்கும் ஸ்னோபோர்டுக்காரர்கள் தாவிக் குதிப்பதற்கான திட்டுகள் கொண்ட பூங்காவும் உண்டு. இவ்வளவுதான். ஐரோப்பிய விடுதிகளில் நூறு கிலோமீட்டர் தடங்களைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு இது முற்றத்தளவாகத் தோன்றும், தோன்றட்டும். ஆனால் இந்தச் சிறுமையே பிள்ளைகளோடு வரும் பெற்றோருக்கு நன்மையாக அமைகிறது. தொடக்கநிலைச் சரிவின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு, மேலே ஏறும் பேரனும் கீழே விழும் பேத்தியும் ஒருசேரக் கண்ணில் படுகிறார்கள். யாரும் மறு பள்ளத்தாக்கில் காணாமல் போவதற்கு வழியில்லை. என் மாமியார் புடவைக்கு மேல் இரண்டு கம்பளிச் சட்டைகளும் ஒரு பெரிய கோட்டும் அணிந்து, அங்கிருந்தே எல்லோருக்கும் ஆணையிட்டுக்கொண்டிருந்தார். 'ஆயா, நீங்களும் வாருங்கள்' என்று பிள்ளைகள் அழைத்தபோது, 'ஆடி மாதத்தில் எலும்பை முறித்துக்கொண்டு மாரியம்மனுக்கு என்ன பதில் சொல்வது?' என்று கேட்டார்.

வகுப்பு எடுக்காமல் தடத்தில் இறங்குவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். காசை மிச்சப்படுத்த எண்ணி, காணொளிகளைப் பார்த்தே கற்றுவிட்டோம் என்று கிளம்பும் இளைஞர்கள் தங்களுக்கு மட்டுமல்லாமல், கீழே நிற்பவர்களுக்கும் ஆபத்தாக முடிகிறார்கள். குழுவாக நடக்கும் தொடக்க வகுப்பில் முதலில் கற்றுத்தருவது நிற்பதற்கு: இரண்டு பலகைகளின் முனைகளை நெருக்கி, குதிகால்களை அகட்டி, முக்கோணமாக வைத்து வேகத்தைக் குறைப்பது. அதன்பிறகுதான் திரும்புவது. எங்களுக்குக் கற்றுத்தந்தவர் உள்ளூர் பசூத்தோ இளைஞர். அவருடைய பொறுமையை நான் எத்தனை புகழ்ந்தாலும் தகும். விழுந்தவரை உடனே தூக்கிவிடாமல், தாமாக எழும் முறையை முதலில் சொல்லிக்கொடுத்தார்: பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி, மேட்டுப் பக்கமாகச் சாய்ந்து, கையை ஊன்றி எழ வேண்டும். சரிவின் போக்கிலேயே பலகைகளை வைத்துக்கொண்டு எழ முயல்பவர் எழுந்த கணமே மறுபடியும் கீழ்நோக்கிப் போய்விடுவார்.

சறுக்குவதைவிடக் கடினமானது மேலே போவது. முதன்மைத் தடத்தில் உள்ள டி-பார் இழுவை, தலைகீழாகத் தொங்கும் ஆங்கில டி எழுத்தைப்போன்ற கட்டையால், பக்கத்துக்கு ஒருவராக இருவரைத் தள்ளிக்கொண்டு மேலே ஏற்றுகிறது. நம்மவர்கள் அனைவரும் செய்வது, கட்டை பின்புறம் பட்டவுடன் அதன்மேல் உட்கார முயல்வதுதான். அது இருக்கை அன்று; உட்கார்ந்தால் கம்பி நீண்டுகொண்டே போய் ஆளைத் தரையில் போட்டுவிடும். நின்ற நிலையிலேயே முழங்காலைச் சற்று மடக்கி, கட்டை தன்னைத் தள்ளட்டும் என்று விட்டுவிட வேண்டும். உடன் வருபவர் ஏறத்தாழ ஒரே உயரம் உள்ளவராக இருப்பது நல்லது. நெட்டையான தகப்பனும் குட்டையான மகனும் சேர்ந்து ஏறினால், கட்டை ஒருவருக்குத் தொடையிலும் மற்றவருக்கு முதுகிலும் படும். வழியில் விழுந்துவிட்டால் கட்டையைப் பிடித்துத் தொங்காமல் உடனே விட்டுவிட்டு, பின்னால் வருபவர்களுக்காகத் தடத்தைவிட்டு உருண்டாவது விலக வேண்டும். இதைச் செய்யத் தெரிந்துகொள்ளும்வரை தொடக்கநிலைச் சரிவைவிட்டு நகராதீர்கள்.

உடை, கருவிகள் பற்றிச் சுருக்கமாக: பலகை, பூட்ஸ், தலைக்கவசம், நீர் புகாத மேலுடை ஆகியவற்றை அங்கேயே வாடகைக்குப் பெறலாம். கையுறை, குளிர்க்கண்ணாடி, கம்பளி உள்ளாடை ஆகியவற்றைச் சொந்தமாக வாங்கிச் செல்லுங்கள். ஜீன்ஸ் போன்ற பருத்தி உடை நனைந்தால் காயாது, உடலின் சூட்டையும் உறிஞ்சிவிடும். குளிருக்கு அஞ்சி இரண்டு காலுறைகளைப் போட்டுக்கொண்டு பூட்ஸுக்குள் காலைத் திணிப்பவர்களுக்கு இரத்தவோட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் விரைவில் மரத்துப்போகும். மெல்லிய கம்பளிக் காலுறை ஒன்றே போதும். குளிரில் யாரும் வெயிலை நினைப்பதில்லை என்பதால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது புறஊதாக் கதிர் ஏறத்தாழப் பத்து விழுக்காடு கூடுகிறது, பனி அதைக் கீழிருந்தும் முகத்தில் அடிக்கிறது. நம் கறுத்த தோலுக்கு வெயில் களிம்பு எதற்கு என்று கேட்டவர்களின் மூக்கு மறுநாள் உரிந்தது.

மூவாயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ எழுபது விழுக்காடுதான். முதல் இரவில் தலைவலி, தூக்கமின்மை, படி ஏறினால் மூச்சு வாங்குவது ஆகியவை ஆரோக்கியமானவர்களுக்கும் வரும். இதய நோய், கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வரக் கூடாது. நம் சமூகத்தில் நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கு இவற்றில் ஒன்றாவது இருக்கிறது என்பது மறைக்க வேண்டிய செய்தியில்லை. கிளாரன்ஸிலோ ஃபூரிஸ்பர்க்கிலோ ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் ஏறுவது உடலுக்கு நல்லது. பகலில் மலைச்சாலையைக் கடக்கவும் அது உதவும். வந்த அன்று தண்ணீரை நிறையக் குடியுங்கள், மதுவைத் தொடாதீர்கள். தலைவலி தணியாமல் வாந்தியும் தடுமாற்றமும் சேர்ந்தால் அதற்கு ஒரே மருந்து கீழே இறங்குவதுதான்.

தங்குவதற்கு, பலர் சேர்ந்து படுக்கும் மலிவான அறைகளிலிருந்து சமையலறையோடு கூடிய மரவீடுகள் வரை உண்டு. குடும்பமாகப் போகிறவர்கள் சமையலறை உள்ள வீட்டையே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சறுக்குப் பருவத்தின் நடுவில் ஆடி மாதம் பிறக்கிறது. கூழ் ஊற்றும் வாரங்களில் இறைச்சியைத் தொடாத வீடுகள் நேட்டாலில் இன்றும் ஏராளம். விடுதியின் ஸ்கை உணவகம், ஆப்பிரிக்காவிலேயே மிக உயரத்தில் உள்ள உணவகம் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. சானி உச்சியில் உள்ள மதுக்கூடமும் தன் உயரத்தைச் சொல்லி இதேபோல் பெருமை பேசுகிறது. மலைமேல் ஏறினால் எல்லோருக்கும் ஏதாவது ஒரு 'மிக உயரம்' கிடைத்துவிடும் போலும். சன்னலோரம் உட்கார்ந்து சூடான சாக்லேட் குடித்தபடி தடத்தைப் பார்ப்பதற்கு அது அருமையான இடம். ஆனால் முட்டையும் சேராத சுத்த சைவம் வேண்டுவோர் தங்கள் ஏற்பாட்டைத் தாங்களே செய்துகொண்டு போவதுதான் புத்திசாலித்தனம்.

அங்கே சமைக்கத் துணிபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த உயரத்தில் நீர் ஏறத்தாழ 90 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பானை தளதளவென்று கொதிப்பதைப் பார்த்துவிட்டுப் பருப்பு வெந்துவிடும் என்று காத்திருந்தால் இரவு பத்து மணிக்கும் அது பல்லில் கடிபடும். குக்கர் இல்லாமல் துவரம்பருப்பையோ சிவப்பு பீன்ஸையோ அங்கே வேகவைக்க முயலாதீர்கள். சோறுகூட நேரம் பிடிக்கும். நாங்கள் வீட்டிலேயே செய்து உறையவைத்த பீன்ஸ் கறி, புளிச்சோறு, ரொட்டி, மாங்காய் ஊறுகாய் ஆகியவற்றைக் கொண்டுபோயிருந்தோம். குளிர்பெட்டிக்குப் பனிக்கட்டி வாங்க வேண்டிய தேவையே எழவில்லை என்பது இந்தப் பயணத்தின் மலிவான பகுதி.

மற்றவை மலிவானவை அல்ல. இழுவைச் சீட்டு, கருவி வாடகை, வகுப்புக் கட்டணம், அறை வாடகை, எரிபொருள், எல்லையில் செலுத்தும் சிறு சாலைக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டினால், நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது கடற்கரை விடுமுறையைவிடப் பலமடங்கு செலவு வைக்கும். ராண்டும் லெசோதோவின் லோட்டியும் ஒன்றுக்கு ஒன்று என்ற மதிப்பில் இருப்பதாலும், ராண்டையே எங்கும் வாங்கிக்கொள்வதாலும் பணம் மாற்றும் தொல்லை இல்லை. ஐரோப்பாவுக்கு விமானச்சீட்டு, விசா, யூரோவின் மதிப்பு ஆகியவற்றோடு ஒப்பிட்டால் இது சிறு தொகைதான். முதலில் இங்கே கற்றுக்கொண்டு, பிடித்திருந்தால் பிறகு ஆல்ப்ஸுக்குக் காசு சேர்ப்பதுதான் முறை. சரிவில் நிற்கவே தெரியாமல் சுவிட்சர்லாந்து போய் அங்கே முதல் நாள் வகுப்புக்குச் சுவிஸ் ஃபிராங்க் கணக்கில் கொட்டிக் கொடுப்பவர்களை எண்ணி எனக்கு வியப்புத்தான்.

தென்னாப்பிரிக்காவுக்குள்ளேயே வேறு இடமில்லையா என்றால், கிழக்குக் கேப்பில் ரோட்ஸ் கிராமத்துக்கு மேலே 2,720 மீட்டர் உயரத்தில் டிஃபின்டெல் என்றொரு விடுதி உண்டு. எல்லை கடக்க வேண்டாம் என்பது அதன் சிறப்பு. ஆனால் அது பல காலம் மூடியும் திறந்தும் வந்திருப்பதால், அதை நம்பிப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுப்பதற்குமுன் அந்தக் குளிர்காலத்தில் இயங்குகிறதா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். மேற்குக் கேப்பின் மட்ரூஸ்பர்க் மலையில் இயற்கைப் பனி பெய்யும்போது மட்டும் சறுக்கலாம். டர்பனிலிருந்து அது கணக்கில் வராது.

போகும் நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரையிலான பள்ளி விடுமுறையிலும், ஆகஸ்ட் 9 மகளிர் தினத்தை ஒட்டிய நீண்ட வார இறுதியிலும் ஜோகன்னஸ்பர்க்கே அங்கே குடிபெயர்ந்துவிடும். ஒரே ஒரு முதன்மைத் தடம் உள்ள இடத்தில் கூட்டம் சேர்ந்தால் வரிசை நீள்வது இயற்கை. அதற்காக நிர்வாகத்தை நொந்து பயனில்லை. அத்தகைய வார இறுதிகளில் அங்கே இசையும் கேளிக்கையும் விடியும்வரை நீளும். இளைஞர் கூட்டத்துக்கு அது ஒரு கவர்ச்சி. தூங்கும் குழந்தையை வைத்திருப்பவர்களுக்கு அப்படியன்று. விடுமுறை முடிந்த பின், ஜூலை இறுதியிலோ ஆகஸ்ட் இரண்டாம் பாதியிலோ, திங்கள் முதல் வியாழன் வரையிலான நாள்களில் செல்வது மிகச் சிறந்தது. பருவத்தின் தொடக்கத்தில் போனால் தடம் முழுமையாகப் பனியால் மூடப்பட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். இயந்திரப் பனியும் இரவுக்கு இரவு சிறுகச் சிறுகத்தான் சேர்கிறது.

காலையில் போய் மாலையில் திரும்பலாம் என்று கிளாரன்ஸில் தங்கிக்கொண்டு வருபவர்களுக்கும் ஒரு சொல். அப்படி வரலாம், பலர் வருகிறார்கள். ஆனால் எல்லை, மலைச்சாலை, கருவி வாடகை வரிசை ஆகியவற்றைக் கடந்து தடத்தில் கால் வைக்கும்போது நல்ல பனியின் நேரம் பாதி போயிருக்கும். உடல் உயரத்துக்குப் பழகுமுன் திரும்பும் நேரமும் வந்துவிடும். முதல் நாளில் எல்லோரும் விழுந்துகொண்டுதான் இருப்பார்கள். இரண்டாம் நாள் காலையில், ஏனென்று தெரியாமலே, கால்கள் முந்தைய நாள் கேட்டதைச் செய்யத் தொடங்கும். எங்கள் வீட்டின் பத்து வயதுப் பெண் அன்றுதான் ஒருமுறைகூட விழாமல் தொடக்கநிலைச் சரிவை முழுதாக இறங்கினாள். எனவே குறைந்தது இரண்டு இரவுகளாவது மேலேயே தங்குங்கள். ஓர் இரவுக்குத்தான் கையில் காசு இருக்கிறது என்றால், இந்த ஆண்டு விட்டுவிட்டு அடுத்த ஆண்டுக்குச் சேர்த்து வையுங்கள். அறைகளைப் பருவம் தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே பதிவுசெய்ய வேண்டியிருப்பதால், தீபாவளி முடிந்த கையோடு தேதியைப் பேசி முடித்துவிடுவது நல்லது.